எழுத்து வாரம்

பதினான்கு படிவங்களும் அவனுடைய தங்கையின் கையெழுத்தில் இருந்தன.

முதல் படிவத்தில் அதைக் கண்டபோது அவனுக்குச் சின்ன சந்தோஷம். அட, கைக்கு அகப்பட்டதே அவளுடையதாகிவிட்டதே என்று நினைத்தான். ழகரத்தின் வாலைத் தேவைக்கு மேல் கீழே இழுத்து, சுருட்டாமல் அந்தரத்தில் விட்டுவிடுவாள். பள்ளிக்கூடத்தில் அதற்காக அடி வாங்கியும் திருந்தவில்லை. இரண்டாவது படிவத்திலும் அதே வால். மூன்றாவதைப் புரட்டியபோது சந்தோஷம் போய்விட்டது. பதினான்கையும் மேசைமேல் சீட்டுக்கட்டுபோல் பரப்பிப் பார்த்தான். ஒரே நீலப் பேனா. ஒரே கை.

பெரிய ஆஸ்பத்திரிகளில் பயிற்சியிலிருக்கும் இளம் டாக்டர்கள் எப்படி இருக்கிறார்கள், எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள், யாராவது அவர்களுக்கு ஏதாவது கற்றுக்கொடுக்கிறார்களா என்று கண்டறிவதற்கான கணக்கெடுப்பு அது. அறுபத்துநான்கு கேள்விகள். பெயர் எழுத வேண்டாம். முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டி, ‘உங்கள் பதில்கள் முழுமையாக ரகசியமாக வைக்கப்படும்’ என்று அச்சடித்திருந்தார்கள். துறை துறையாகப் படிவங்களைக் கொடுத்து, பூட்டிய பெட்டியில் திரும்ப வாங்கி வந்து, சரிபார்த்து, கம்ப்யூட்டரில் ஏற்றும் அக்காவிடம் ஒப்படைப்பது அவன் வேலை. தங்கை பயிற்சி பெறும் துறைக்கு அண்ணன் போகக் கூடாது என்று எங்காவது விதி இருந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அவனும் ஒரு காலத்தில் இந்தப் படிவத்தை நிரப்ப வேண்டிய ஆளாகத்தான் இருந்தான். நான்கு வருஷத்துக்கு முன், வேறொரு ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சைப் பயிற்சியின் இரண்டாம் வருஷத்தில், டியூட்டி நடுவே வார்டுச் செருப்போடு வெளியே நடந்தவன் திரும்பிப் போகவில்லை. காரணம் கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னான். எது நிஜம் என்று இப்போது அவனுக்கே தெரியாது.

பதிமூன்று படிவங்கள் தேனும் பாலுமாக ஓடின. பதிமூன்று பேரும் வாரத்துக்குச் சரியாக நாற்பத்தெட்டு மணி நேரம் வேலை பார்த்திருந்தார்கள். பதிமூன்று பேருக்கும் ஓய்வறை இருந்தது, நேரத்துக்குச் சாப்பாடு இருந்தது, மூத்தவர்கள் பொறுமையோடு கற்றுத்தந்தார்கள். ஏழாவது மட்டும் வேறு மாதிரி.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை? ‘நூற்றுப் பன்னிரண்டு.’

ஓய்வறை உண்டா? ‘உண்டு. உடைந்த கட்டில்களை அடுக்கியிருக்கிறார்கள். உடையாதது ஒன்று இருந்தது. அதை நோயாளிக்குக் கொடுத்துவிட்டோம்.’

முதுகுத்தண்டில் ஊசி செருகி நீர் எடுக்க உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? ‘யாருமில்லை. பக்கத்து வார்டில் ஒருவர் எடுத்ததைக் கதவோரம் நின்று பார்த்தேன். இப்போது நான் மூன்று பேருக்குக் கற்றுக்கொடுக்கிறேன்.’

கடைசிக் கேள்வி: இந்தப் பயிற்சியை முழுமையாக முடிப்பீர்களா? ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். ‘இல்லை’ கட்டத்தில் குறி. கீழே காரணத்துக்கான கோட்டில்: ‘வெள்ளிக்கிழமையோடு நிறுத்துகிறேன். வீட்டில் சொல்லவில்லை. ஏற்கெனவே ஒருவர் பாதியில் விட்டு வந்த வீடு. இன்னொன்றைத் தாங்காது.’

அன்று புதன்கிழமை.

“என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?” என்றாள் எதிர்மேசை அக்கா. “அந்தக் கட்டைக் குடு, ஏத்திடறேன்.”

“இன்னும் பாக்கலக்கா.”

“ஒரு மணி நேரமா முறைச்சுக்கிட்டிருக்க. பொண்ணு போட்டோவா அது?”

அவன் படிவங்களை உறையில் போட்டு இழுப்பறைக்குள் தள்ளினான். ஒரே கையெழுத்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால் மொத்தக் கட்டையும் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது விதி. தள்ளுபடி செய்தால் ஏழாவதும் போய்விடும். செய்யாவிட்டால் பதிமூன்று பொய்யும் நிஜமாகிவிடும். அதைவிடப் பெரிய குழப்பம், அவள் ஏன் பதினான்கு பேராக உட்கார்ந்து எழுதினாள் என்பது. பொய்தான் எழுதுவதென்றால் பதினான்கிலும் எழுதியிருக்கலாம். உண்மைதான் எழுதுவதென்றால் ஒன்று போதுமே. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ழகர வால்தான் கண்ணுக்குள்ளேயே நின்றது.

வீட்டுக்குப் போனபோது தங்கை இல்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வருவாள். அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கியபடி, தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை இடுக்கி யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். “பெரியவனா? ஆஸ்பத்திரி சம்பந்தமான வேலைதான்... ஆமாமா, நல்ல வேலை.” அம்மா பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவள். பொய் சொல்ல மாட்டாள். உண்மையை எந்த அளவுக்குச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

போனை வைத்ததும் அவன் கேட்டான். “அவ உன்கிட்ட ஏதாவது சொன்னாளாம்மா?”

“என்ன சொல்லணும்?”

“பொதுவா. வேலையைப் பத்தி.”

“வர்றா, குளிக்கறா, விழறா. என்கிட்ட பேசினதைவிட அவ தலகாணிகிட்ட பேசினது ஜாஸ்தி.”

அவன் மென்று முழுங்கினான். “அவ விட்டுட்டு வந்துட்டா என்னம்மா பண்ணுவ?”

கத்தி நின்றது. அம்மா வெங்காயத்தால் கலங்கிய கண்ணோடு நிமிர்ந்து பார்த்தாள். “ஏன்டா, துணைக்கு ஆள் தேடறியா?”

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்தான். அவள் வந்துவிட்டால் இந்த வீட்டில் அவன் மட்டும் தோற்றவன் இல்லை என்றாகும். அந்த நினைப்பு சுகமாகத்தான் வந்தது, இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் அதே மூச்சில் கோபமும் வந்தது. அவள் முடித்துவிடுவாள், அவள் பெயருக்குப் பின்னால் பட்டத்தின் எழுத்துகள் வந்துவிடும், அதோடு அவன் கதையை எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று நான்கு வருஷமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறான். நம்பியது அப்போதுதான் தெரிந்தது. விட்டு வந்தவன் விட்டு வருகிறவளைத் தட்டிக்கொடுக்க வேண்டாமா? கை எழவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனான். படிவத்தில் சில சந்தேகங்கள் என்று காவலாளியிடம் சொன்னான். சொன்னதில் பொய் இல்லை, அம்மாவின் பிள்ளை.

பொது மருத்துவ வார்டு மூன்றாவது மாடியில். நாற்பது கட்டில்கள், அறுபது நோயாளிகள். மிச்சம் இருபது பேர் பாய்களிலும் நாற்காலிகளிலும் சுவரோரத்திலும். குளுக்கோஸ் பாட்டிலை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள். அறையின் நடுவே உயரமான ஒருவன், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், ஒரு கையில் ஒரு கிழவரின் நாடி, மறு கையில் தண்ணீர் பாட்டில், தோளுக்கு மேல் திரும்பி யாருக்கோ மருந்தின் அளவு சொல்லிக்கொண்டிருந்தான். மூன்றாம் வருஷப் பயிற்சி டாக்டர். மூன்று நாள் தொடர்ந்து நின்றாலும் சிரிப்பு இறங்காது என்பதால் அவனுக்கு பேட்டரி என்று பெயர். தங்கை வீட்டில் அவனைப் பற்றிச் சொல்லும்போதும் பேட்டரிதான்.

“நீங்க கணக்கெடுப்பா, சார்?” என்றான் பேட்டரி. “போன வாரம் பெட்டியை வெச்சுட்டுப் போனீங்களே. நாங்க உங்களுக்குக் கேள்வித்தாள்னு பேர் வெச்சிருக்கோம், கோவிச்சுக்காதீங்க.”

“எல்லா ஃபார்மும் ஒரே கையெழுத்துல இருக்கு.”

“பின்ன? எழுத்து வாரம்ல.”

“அப்படின்னா?”

பேட்டரி கிழவரின் கையை மெத்தைமேல் பத்திரமாக வைத்தான். “இங்க யாரும் அவங்கவங்க எழுதறதில்ல சார். வாரத்துக்கு ஒருத்தர் எழுத்து. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேனுக்கு லெட்டர், சர்டிஃபிகேட், எல்லாம் அவர்தான். மத்தவங்க பேஷன்ட்டைப் பாத்துட்டு வாயால சொல்லிட்டே அடுத்த கட்டிலுக்குப் போயிடுவோம். எல்லாரும் எழுத உக்காந்துட்டா அறுபது பேரை யாரு பாக்கறது? உங்க ஃபார்மும் பேப்பர்தானே. அந்தக் கட்டோட எழுத்து மேசைக்குப் போயிடுச்சு.”

“அது உங்க நலன் பத்தின கேள்வி. நீங்க சந்தோஷமா இருக்கீங்களா, தூங்கறீங்களான்னு கேக்குது. இன்னொருத்தர் எப்படி எழுத முடியும்?”

“வயித்து வலிய அப்படித்தானே எழுதறோம்? வலி ஒருத்தருக்கு, பேனா இன்னொருத்தருக்கு.” பேட்டரி சிரித்தான். நிஜமான சிரிப்பு. “இந்த வாரம் எழுத்து உங்க தங்கச்சி. என்ன முழிக்கறீங்க, மூக்கைப் பாத்தாலே தெரியுதே. கெட்டிக்காரி சார். ஒரு வார்த்தை கூட மாத்தாம எழுதுவா.”

அவனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாற்போல இருந்தது. அப்படியானால் ஏழாவது அவளுடையதாக இல்லாமலும் இருக்கலாம். இந்த வார்டில் யாருடையதாகவும் இருக்கலாம். ஆனால் ‘ஏற்கெனவே ஒருவர் பாதியில் விட்டு வந்த வீடு.’ அது அவன் வீடுதானே? வேறு எந்த வீட்டில் இப்படி ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான்?

“அவளைக் கொஞ்சம் பாத்துக்கங்க,” என்றான், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல். “கொஞ்சம் சோர்ந்திருக்கா போல.”

பேட்டரி ஒரு கணம் அவனைப் பார்த்தான். “இங்க எல்லாரும் எல்லாரையும் பாத்துக்கறோம் சார்,” என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டிலுக்குக் குனிந்தான்.

எழுத்து மேசை, துணி அலமாரிக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு மூலையில் இருந்தது. தங்கை நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். இடது கையில் கடித்த ரொட்டித் துண்டு. அதை எப்போதோ கடித்துவிட்டு மறந்திருக்கிறாள், ஓரம் காய்ந்திருந்தது.

“நீ எங்கண்ணா இங்க?”

“ஏழாவது படிவம்.”

அவள் பேனா நின்றது. பிறகு வரியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“என்ன அதுக்கு?”

“யார் சொல்லி எழுதின?”

“முதல் பக்கத்துல கட்டம் கட்டி என்ன போட்டிருக்கு? படி.”

“அது வெளியாளுங்களுக்குடி. நான் கணக்கெடுக்கறவன்.”

“கணக்கெடுக்கறவன் எண்ணணும். மோப்பம் பிடிக்கக் கூடாது.”

“விளையாடாத. அது நீயா?”

அவள் ரொட்டியைப் பார்த்தாள், இதை யார் என் கையில் கொடுத்தது என்பதுபோல. “நான்னு சொன்னா என்ன பண்ணுவ?”

அவன் மேசையிலிருந்த காகிதங்களைப் புரட்டப் போனான். அவள் அவற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“சரி, நான் இல்லன்னா என்ன பண்ணுவ?”

அவளே பதிலும் சொன்னாள்.

“நான்னு சொன்னா அம்மாகிட்ட ஓடுவ. இல்லன்னா வார்டு வார்டா மத்தவங்க மூஞ்சியப் பாத்துட்டு அலைவ. ரெண்டும் வேண்டாம். போ.”

“மத்த பதிமூணு?”

“கேட்டேன். ‘எல்லாம் நல்லாதான் இருக்குன்னு போடு’ன்னு சொல்லிட்டு ஓடினாங்க. போட்டேன்.”

“பொய்யின்னு தெரிஞ்சுமா?”

“சொன்னதை எழுதறது என் வேலை. நம்பறது என் வேலை இல்லண்ணா.”

வார்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “எழுத்து! ஏய் எழுத்து, எங்க போன?” அவள் செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு, காகிதக் கட்டை மார்போடு அணைத்தபடி ஓடினாள். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோபமா, அவசரமா, அதுவும் விளங்கவில்லை.

அவள் ‘நான் இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தான். இறங்கும்போது, ‘நான்தான்’ என்றும் சொல்லவில்லையே என்று நினைத்தான். இரண்டு நினைப்பும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன, வெள்ளிக்கிழமை காலைவரை.

வெள்ளிக்கிழமை அக்கா மறுபடி கேட்டாள். “அந்தக் கட்டு என்னாச்சு? நாளைக்கு மேல அனுப்பணும். மேனேஜர் என் உயிரை வாங்கறாரு.”

“நாளைக்குக் காலைல தந்துடறேன்க்கா.”

“முட்டை போட்டு அடைகாக்கறியா?”

மூன்று மணிக்கே கிளம்பிவிட்டான். ஆஸ்பத்திரி வாசலில், ஆம்புலன்ஸ் திரும்பும் இடத்துக்கு எதிரே, ஒரு தூணில் சாய்ந்து நின்றான். அவள் பையோடு வந்தால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தான். ‘பரவாயில்லடி, ஒண்ணும் குடி முழுகிடல.’ அதுதான் சரியான வாக்கியம். நான்கு வருஷத்துக்கு முன் அதை யாராவது அவனிடம் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பான். பத்துத் தடவை முணுமுணுத்துப் பார்த்தான். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார்.

நாலரை மணிக்குத் தங்கை வந்தாள். தோளில் பை. வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், நேராக வெளி வாசலை நோக்கி நடந்தாள். டியூட்டி முடிய இன்னும் மூன்றரை மணி நேரம் இருக்கிறது. அவன் குறுக்கே போய் நின்றான்.

“ஏன்டி இப்படிப் பண்ணின? இன்னும் ஒண்ணரை வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?”

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அது அவனுடைய வாக்கியம் இல்லை. செருப்போடு வீட்டு வாசலில் போய் நின்ற அன்று அம்மா அவனிடம் சொன்னது. ஒரு எழுத்து பிசகாமல் அப்படியே வந்திருந்தது.

தங்கை பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். “டீ வாங்கிக் குடு,” என்றாள். “இருபது நிமிஷத்துல திரும்பப் போகணும்.”

“எங்க?”

“வார்டுக்கு. வேற எங்க?”

எதிர்ச்சாரி டீக்கடையில் பெஞ்சு நிறைந்திருந்தது. சுவரோரம் நின்று குடித்தார்கள். அவள் பாதி கிளாஸை ஒரே மூச்சில் இறக்கிவிட்டுச் சொன்னாள்.

“பேட்டரி போயிட்டார்.”

“எங்க போயிட்டார்?”

“போயிட்டார்ண்ணா. மத்தியானம் ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் எல்லாக் கட்டிலையும் ஒரு சுத்து வந்தார். ஒவ்வொரு பேஷன்ட்டைப் பத்தியும் என்கிட்ட சொல்லி எழுத வெச்சார். எதுக்கு இவ்வளவு விவரமா சொல்றார்னு எல்லாரும் கிண்டல் பண்ணினாங்க. அப்புறம் அடையாள அட்டையை எழுத்து மேசைமேல வெச்சுட்டுக் கிளம்பிட்டார். கோர்ஸ் முடிய இன்னும் ஆறு மாசம்தான் அவருக்கு.”

அவன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அந்த உயரமான ஆளிடம்தான் தங்கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். அந்தச் சிரிப்பை நிஜமான சிரிப்பு என்று நினைத்தான். நிஜமாகவும் இருந்திருக்கலாம்.

“அப்போ ஏழாவது படிவம்...”

“நான் ஒண்ணும் சொல்லல,” என்றாள் அவள் சட்டென்று. “நீ எதையும் என் வாயிலேர்ந்து பிடுங்கல. ஞாபகம் வெச்சுக்க.”

“சரி.”

“இன்னிக்கு ராத்திரி அவரோட டியூட்டி எனக்கு. நாளைக்கும். அடுத்த வாரம் யாரு யாருக்குன்னு பிரிக்கணும்.”

மார்பிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. அவள் இல்லை. அவள் விடவில்லை. இறங்கிய கையோடு வேறொன்று ஏறி உட்கார்ந்தது. அவன் செருப்போடு நடந்துபோன அன்று வார்டில் முப்பத்திரண்டு பேர் இருந்தார்கள். எண்ணிக்கை நினைவிருக்கிறது. அவர்களை அப்புறம் யார் பார்த்தது? நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் அதை நினைத்ததில்லை. யாரோ ஒருத்தர் தன் டியூட்டிக்கு மேல் அவனுடையதையும் சேர்த்துப் பார்த்திருப்பார். அவருக்கு ஒரு அண்ணன் இருந்திருக்கலாம், இப்படி வாசலில் வந்து நின்றிருக்கலாம். பேட்டரிமேல் கோபப்படப் பார்த்தான். அந்தக் கோபம் போன வேகத்தில் திரும்பி வந்து அவன் மேலேயே விழுந்தது. பேட்டரியைப் பார்த்துப் பொறாமைகூட வந்தது, அவன் சொல்லிக்கொண்டு போயிருக்கிறான் என்று. பேட்டரி வீட்டிலும் ஏற்கெனவே ஒருவர் பாதியில் விட்டு வந்திருக்கிறார் போல. எதை எதற்குப் பக்கத்தில் வைப்பது என்று புரியாமல் ஆறிப்போன டீயைக் குடித்தான்.

“உன்னோடது எது?” என்று கேட்டான்.

“என்ன என்னோடது?”

“ஃபார்ம். அந்தப் பதிமூணுல எது உன்னுது?”

அவள் யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே நினைவுபடுத்திப் பார்த்தாள். “நான் எழுதலண்ணா. எல்லாருக்கும் எழுதி முடிச்சேன். என்னோடதை எடுத்தேன், ஒரு அட்மிஷன் வந்துடுச்சு. அப்புறம் அது எங்க போச்சுன்னு தெரியல.”

அவன் அந்தத் துறைக்குக் கொடுத்தவை பதினைந்து. திரும்பி வந்தவை பதினான்கு. ஒன்றிரண்டு குறைவது எல்லா இடத்திலும் நடப்பதுதான் என்று அவன் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

பையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்தான். டீக்கடைச் சுவரில் வைத்து, பேனாவைத் திறந்தான்.

“சொல்லு. நான் எழுதறேன்.”

“இப்பவா? பத்து நிமிஷம்கூட இல்ல.”

“முடிஞ்ச வரைக்கும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை?”

“போன வாரமா, இந்த வாரமா?”

“போன வாரம்.”

“தொண்ணூத்தாறு. இரு, செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் தூங்கினேன். அது வேலையா, தூக்கமா?”

“எங்க தூங்கின?”

“லிஃப்ட்ல. லிஃப்ட் நின்னுபோச்சு.”

அவன் தொண்ணூற்றாறு என்று எழுதினான். சுவர் சொரசொரப்பாக இருந்ததால் எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. ஓய்வறை, சாப்பாடு, கடைசியாக முழு நாள் லீவு எடுத்தது எப்போது என்று வரிசையாகக் கேட்டான். சிலவற்றுக்குப் பதில் சொன்னாள். சிலவற்றுக்கு “தள்ளு, தள்ளு, அடுத்தது” என்றாள். ஒரு கேள்விக்குச் சிரித்தாள். ‘உங்கள் கவலைகளைப் பகிர்ந்துகொள்ள யாராவது இருக்கிறார்களா’ என்ற கேள்விக்கு அவள் பதில் சொல்லாமல் மணி பார்த்தாள். அவனும் அதை வற்புறுத்தவில்லை. பக்கங்களைப் புரட்டிக் கடைசிக்கு வந்தான்.

“இந்தப் பயிற்சியை முழுமையாக முடிப்பீர்களா?” என்று அச்சில் இருந்ததை அப்படியே வாசித்தான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சாலையில் ஒரு ஆம்புலன்ஸ் வழி கேட்டுக் கதறிக்கொண்டு போனது.

“தெரியல,” என்றாள் அவள். “அதுக்குக் கட்டம் இருக்கா?”

“இல்ல. ஆம், இல்லை. ரெண்டுதான்.”

“அப்போ நீயே ஏதாவது போட்டுக்க. எனக்கு நேரமாச்சு.”

மடித்த கோட்டை உதறி மாட்டிக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவே புகுந்து சாலையைக் கடந்து, ஆம்புலன்ஸுக்குப் பின்னால் ஓடினாள். டீக்கடைக்காரர் காலி கிளாஸ்களை வாங்கிக்கொண்டு, “இன்னொண்ணு போடவா சார்?” என்று கேட்டார்.

அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். ‘ஆம்’ கட்டத்தின் மேல் பேனாவை வைத்தான். எடுத்தான். ‘இல்லை’யின் மேல் வைத்தான். எதில் குறி விழுந்தால் தன் மனசு ஆறும் என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டு, அவற்றுக்கு வெளியே, ஓரத்தில், அவள் சொன்னதை ஒரு வார்த்தை கூட மாற்றாமல் எழுதினான்: ‘தெரியல.’